கொத்து ரொட்டியும் என் எண்பத்திரண்டு கிலோவும்

வாழைச்சேனைக்கு அரை மணி நேரம் முன்னால் கோச்சி நின்றுவிட்டது. கோச்சி என்றால் ரயில். இலங்கையில் இறங்கிய அன்றே கற்றுக்கொண்ட சொல். தண்டவாளத்தின் மேல் பத்துப் பதினைந்து எருமைகள் நின்றுகொண்டிருந்தன. ஓட்டுநர் ஹாரன் அடித்தார். எருமைகள் அதை ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொள்ளவில்லை.

ரயில் நின்றால் போதும், எங்கிருந்தோ கூடை வந்துவிடுகிறது. நம் ஊரிலும் அப்படித்தான். இங்கே கூடைக்குள் இருந்தது இறால் வடை. பருப்பு வடையின் மேல் இரண்டு முழு இறால்களைப் பதித்துப் பொரித்திருந்தார்கள். பக்கத்து இருக்கை அம்மா நான்கு வாங்கி, ஒன்றை எனக்கு நீட்டினார்.

“பசிக்கலைங்க” என்றேன். அதைவிடப் பெரிய பொய்யை அந்தப் பயணத்தில் நான் இனிமேல்தான் சொல்லவிருந்தேன். பையிலிருந்து பொரிகடலைப் பொட்டலத்தை எடுத்து, ஒவ்வொன்றாக மென்றேன். அந்த அம்மா என்னை இரக்கத்தோடு பார்த்தார்.

விஷயம் இதுதான். எனக்குத் தொழில் அரிசி மில்களில் கலர் சார்ட்டர் பொருத்துவது. அரிசியிலிருந்து கறுப்பு அரிசியையும் கல்லையும் கேமரா வைத்துக் கண்டுபிடித்து, காற்றால் ஊதித் தள்ளும் மெஷின். பதினாறு வருடமாக ஊர் ஊராகப் போய்ப் பொருத்துகிறேன். பஸ் ஸ்டாண்டு பரோட்டா, பேக்கரி முட்டை பப்ஸ், தள்ளுவண்டி ஃப்ரைடு ரைஸ். என் உடம்பில் முக்கால் பங்கு பஸ் ஸ்டாண்டுகளில் கட்டப்பட்டது. மூன்று மாதத்துக்கு முன்பு அது தொண்ணூற்றொரு கிலோ.

அதுவரை அதைப் பற்றி யாரும் கேட்டதில்லை. என் அக்கா சரோஜாவுக்கு இரண்டு சிறுநீரகங்களும் பழுதாகி, வாரம் மூன்று நாள் டயாலிசிஸ் என்று இரண்டு வருடம் ஓடியபின் கேட்டார்கள். எல்லாப் பரிசோதனைகளும் முடிந்து என்னுடையது பொருந்தும் என்று தெரிந்தது. டாக்டர் என் வயிற்றைப் பார்த்துவிட்டு, “எண்பத்திரண்டு கிலோவுக்கு வாங்க. அப்புறம் தேதி குறிக்கலாம்” என்றார். என் மனைவி மீனா சம்மதக் கையெழுத்தைப் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்து, எண்ணெய்ச் சட்டியைத் தூக்கிப் பரண்மேல் வைத்தாள்.

கோவையிலிருந்து கிளம்பிய காலையில் நான் எண்பத்து மூன்று புள்ளி நான்கு. திரும்பிப் போன மறுநாள் ஆஸ்பத்திரியில் எடை பார்க்க வேண்டும். நடுவில் ஆறு நாள் மட்டக்களப்பு மாவட்டத்தில், ஒரு அரிசி மில்லில்.

எருமைகள் தங்களுக்குத் தோன்றியபோது இறங்கிப் போயின.

வாழைச்சேனை நிலையத்தில் என்னை ஏற்றிச்செல்ல ஃபாரூக் என்பவர் ஓட்டோவோடு நின்றார். ஐம்பது வயதிருக்கும். மெலிந்த ஆள், ஆனால் முழங்கைக்குக் கீழே மட்டும் குஸ்தி பயில்வானின் கை. “வணக்கம் பாய்” என்றேன், எங்கள் ஊர் வழக்கப்படி.

“பாயா? இஞ்ச பாய் எண்டா விரிச்சுப் படுக்கிறதுதான்” என்று சிரித்தார். “நானா எண்டு கூப்பிடுங்க. அண்ணன் எண்டு அர்த்தம்.”

மில் இருந்த கிரான் வரை வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தார். ஓட்டமாவடிதான் சொந்த ஊர். ஓட்டோ வாங்கி நாலு வருடம். அதற்கு முன்னால் கத்தாரில் எட்டு வருடம், ஊரில் பத்து வருடம், ஒரே வேலை: கொத்து ரொட்டி போடுவது. கைக்கு அந்த உருவம் வந்த காரணம் புரிந்தது. எனக்குக் கொத்து ரொட்டி என்ற சொல்லைக் கேட்டதுமே வாய் ஊறியது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். ஓட்டோவுக்கு ஜன்னல் இல்லை என்பதால் முகத்தில் தூசிதான் விழுந்தது.

மில்லை நடத்துவது தவமணியக்கா. கணவர் வயலைப் பார்க்கிறார், இவர் மில்லைப் பார்க்கிறார். “அவர் வட்டைக்குப் போயிட்டார், அறுவடை நேரமெலுவா” என்றார். வட்டை என்றால் வயல்வெளி, எலுவா என்றால் அல்லவா. மெஷின் மரப்பெட்டிக்குள் பத்திரமாக வந்து சேர்ந்திருந்தது. அதைவிட முக்கியமான ஒன்றை நான் வாசலிலேயே பார்த்துவிட்டேன். நெல் மூடை நிறுக்கும் இரும்புத் தராசு. தரையோடு தரையாகப் பதித்த பெரிய தட்டு, மேலே சிவப்பு எண்கள் ஓடும் பெட்டி.

“இதில் நான் ஏறலாமா?”

தராசுக்குப் பொறுப்பானவர் பேரின்பம் அண்ணன். அறுபதை நெருங்கும் வயது. எண்ணை மனதுக்குள் வாசிக்கும் பழக்கம் அவருக்கில்லை. மில்லின் இரைச்சலுக்கு மேலே கத்திச் சொல்லியே பழகியவர். “எம்பத்தினாலு!” என்று அவர் கூவியபோது உமி அள்ளிக்கொண்டிருந்த பெண்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். ஷூவோடு ஏறியதால் அரைக் கிலோ கூட என்று நான் விளக்கம் சொன்னதை யாரும் கேட்கவில்லை.

மதியச் சாப்பாட்டுக்கு முன் தவமணியக்காவிடம் முறையாகச் சொன்னேன். “அக்கா, நான் டயட்ல இருக்கேன். ரொம்பக் கொஞ்சமா வைங்க.”

“ஓம் ஓம், விளங்குது தம்பி” என்றார். பிறகு சிவப்புப் பச்சையரிசிச் சோற்றை மலையாகக் குவித்தார். அதைச் சுற்றித் தேங்காய்ப்பாலில் செய்த பாலாணம், வாவி நண்டுக் குழம்பு, பொரித்த மீன். கடைசியில் சட்டியில் உறைந்த எருமைத் தயிர், மேலே சீனி. “எண்ணெய் கூடாதெண்டுதான் நான் பால் விட்டுச் சமைச்ச” என்றார். ஒரு சிரட்டை தேங்காய்ப்பால் என் சோற்றின் மேல் இறங்கிக்கொண்டிருந்தது. டயட்டுக்கான காரணத்தை நான் சொல்லவில்லை. சொன்னால் பெருமை பேசுவது போலிருக்கும். எடை குறையாமல் போனால் ஊரே விசாரிக்கும் என்ற பயமும் இருந்தது. நகரத்து ஆளின் மோஸ்தர் என்று அவர்கள் நினைத்துக்கொண்டார்கள்.

இரண்டாம் நாள் காற்றுக் குழாயின் இணைப்பு ஒன்று விரிசல் விட்டிருப்பதைக் கண்டுபிடித்தேன். வேறு வாங்க ஓட்டமாவடிக்குப் போக வேண்டும். ஃபாரூக் நானா வந்தார். ஹார்டுவேர் கடைக்காரர் சாமான் வர ஒரு மணி நேரம் ஆகும் என்றார். அந்த ஒரு மணி நேரம்தான் என்னைக் கவிழ்த்தது.

முதலில் தேநீர்க் கடை. உட்கார்ந்த உடனே, எதுவும் கேட்காமல், ஒரு தட்டைக் கொண்டுவந்து முன்னால் வைத்தார்கள். அதில் ரோல்ஸ், கட்லட், பட்டிஸ், பணிஸ் என்று அவர்கள் சொல்லும் மீன் பன், எல்லாம் அடுக்கடுக்காக.

“நான் கேக்கலையே?”

“கேக்கத் தேவையில்ல. ஷோர்ட் ஈட்ஸ். இப்பிடித்தான் வைப்பாங்க. வேணுங்கிறத எடுங்க, மிச்சத்தக் கொண்டுபோவாங்க” என்றார் நானா.

எங்கள் ஊரில் பஜ்ஜி கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும். வேண்டுமென்றால் வாய்திறந்து கேட்க வேண்டும். அந்த ஒரு வார்த்தையைச் சொல்லாமல் இருப்பதில்தான் மூன்று மாதமாக என் கட்டுப்பாடு முழுவதும் இருந்தது. இங்கே அந்த வேலையே கிடையாது. கை நீட்டினால் ரோல். நான் கைகளைத் தொடைகளுக்கு அடியில் வைத்துக்கொண்டு சீனியும் பாலும் இல்லாத பிளேன்டீயைக் குடித்தேன். குடிக்க ஒரு கை வேண்டியிருந்தது. டீயை வைத்துவிட்டுத் திரும்பும் வழியில் அந்தக் கை ஒரு ரோலை எடுத்துவிட்டது.

அதோடு நிறுத்தியிருப்பேன். ஆனால் கடையை விட்டு வெளியே வந்தபோது மணி ஐந்து. தெருவின் மறுபக்கத்தில் யாரோ கொத்துக்கல்லைப் பற்றவைத்துவிட்டார்கள்.

டக்க டக்க, டக்க டக்க, டட்டக்கு டட்டக்கு.

பதினாறு வருடமாகப் பஸ் ஸ்டாண்டுகளில் கொத்து பரோட்டா கேட்டுப் பழகிய காது என்னுடையது. ஆனால் இது வேறு தாளம். பரோட்டாவின் இடத்தில் மெல்லிய ரொட்டி. அதோடு துருவிய கேரட், லீக்ஸ் என்ற பெரிய வெங்காயத்தாள், முட்டை. இரண்டு கையிலும் இரண்டு தகடு. நடுவில் கோழிக் குழம்பை ஒரு கரண்டி ஊற்றும்போது மட்டும் சத்தம் நின்று, புகை எழும்பி, மறுபடி டக்க டக்க. மேலே சீஸ் வேறு. நான் உட்கார்ந்தது எனக்கு ஞாபகமில்லை. தட்டு முன்னால் வந்தது ஞாபகமிருக்கிறது. தட்டு காலியானதும் ஞாபகமிருக்கிறது.

நடுவில் மீனா போன் செய்தாள்.

“சாப்பிட்டீங்களா?”

“ம். சாலட்.”

“அதென்ன டக்க டக்கன்னு சத்தம்?”

“மெஷின் ஃபிட் பண்றாங்க.”

“நல்லா ஃபிட் பண்ணச் சொல்லுங்க” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். ஃபாரூக் நானா தன் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டார். தோள் மட்டும் குலுங்கியது.

மூன்றாம் நாள் காலை தராசில் ஏறினேன், இந்த முறை வெறுங்காலோடு. பேரின்பம் அண்ணன் கண்ணைக் கசக்கிக்கொண்டு இரண்டு தரம் பார்த்தார். “எம்பத்தஞ்சு புள்ளி ஆறு! ஏறியிரிக்கி!” பிறகு உதவியாக, “ஒரு மூடை நெல்லும் ஒரு ஆட்டுக்குட்டியும்” என்று சேர்த்துக்கொண்டார். மில் சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. மூன்று நாளில் இரண்டு கிலோ. திரும்பிப் போக இன்னும் மூன்று நாள்தான்.

முட்டாள்தனமாக ஒரு முடிவெடுத்தேன். அன்று எதுவும் சாப்பிடுவதில்லை. காலைப் பிட்டை வேண்டாம் என்றேன். மதியம் வேலை இருக்கிறது என்றேன். மூன்று மணிக்கு ஏணியில் நின்று கேமரா மூடியைக் கழற்றும்போது, கையிலிருந்த ஸ்குரூ இரண்டாகத் தெரிந்தது. இறங்கிவிட வேண்டும் என்று தோன்றியதும் இறங்கினேன். கடைசி இரண்டு படியை மட்டும் சேர்த்து இறங்கிவிட்டேன்.

உமி மூட்டையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தபோது தவமணியக்கா சீனித்தண்ணியோடு வந்தார். டம்ளரை நான் காலி செய்யும்வரை பக்கத்திலேயே நின்றார். பிறகு கேட்டார்.

“தம்பி, உங்களுக்கு என்ன வருத்தம்? உண்மையச் சொல்லுங்க. சும்மா அழகுக்கு ஒருத்தரும் இப்பிடிக் கிடக்கமாட்டாங்க.”

சொன்னேன். அக்கா, டயாலிசிஸ், எண்பத்திரண்டு, ஆஸ்பத்திரி, முந்தின நாள் கொத்து. எல்லாம் இரண்டு நிமிடத்தில் முடிந்துவிட்டது. மூன்று மாதமாக வெளியாட்கள் யாரிடமும் சொல்லாத விஷயம் அவ்வளவு சிறியதாக இருந்தது எனக்கே ஆச்சரியம்.

தவமணியக்கா எழுந்து வாசலுக்குப் போனார். அங்கே ஃபாரூக் நானாவின் ஓட்டோ நின்றது. அவரிடம் இவர் பேசியது மில்லின் இரைச்சலுக்கு மேலே எனக்குக் கேட்டது.

“நீங்க என்ன மனிசன் நானா! அந்தப் பிள்ளையக் கொத்துக்கடைக்கா கூட்டிப்போன?”

“எனக்குத் தெரியாதே புள்ள! அவர் சொல்லல்லையே!”

“முந்தநாள் நான் குடுத்த பாலாணம்? அதுக்கு ஆர் பொறுப்பு? நாந்தான்!” என்று தன் தலையிலும் ஒரு போடு போட்டுக்கொண்டார்.

அதற்குப் பிறகு நான் அனுபவித்ததை வேறெந்த ஊரிலும் அனுபவித்ததில்லை. உபசரிப்பு அப்படியே தலைகீழானது. விருந்தாளியை வற்புறுத்திச் சாப்பிட வைத்தவர்கள், அதே அன்போடு, அதே பிடிவாதத்தோடு, சாப்பிடவிடாமல் தடுத்தார்கள். காலையில் குரக்கன் என்னும் கேழ்வரகில் பிட்டு, அளந்து ஒரு கிண்ணம். மதியம் சுட்ட மீன், வல்லாரைச் சம்பல், கைப்பிடி சோறு. “பட்டினி கிடந்தா உடம்பு களவெடுத்து வச்சிக்கொள்ளும். நேரத்துக்கு நேரம் கொஞ்சம் சாப்பிடுங்க. மறுகா நடவுங்க” என்று உத்தரவு. மறுகா என்றால் பிறகு. சாப்பிட்டபின் வயல் வரம்பில் அரை மணி நேரம் நடக்க வைத்தார்கள். பேரின்பம் அண்ணன் பின்னால் வந்தார், நான் ஏமாற்றாமல் இருக்க.

நாலாம் நாள் மறுபடி ஓட்டமாவடி. நானா எதிர்க்கடையில் பெட்ரோல் விஷயமாகப் பேசிக்கொண்டிருந்தார். நான் தேநீர்க் கடைக்குள் நழுவி உட்கார்ந்தேன். தட்டு வரவில்லை. ஐந்து நிமிடம் பொறுத்துப் பார்த்தேன். எல்லா மேசைக்கும் தட்டு போகிறது, எனக்கு மட்டும் வரவில்லை.

“ஒரே ஒரு ரோல் தருவீங்களா?” முதல் தடவை தேவைப்படாத வார்த்தையை வாய்விட்டுச் சொல்லியே விட்டேன்.

கடைக்காரர் தலையைச் சொறிந்தார். “மன்னிச்சிக்கொள்ளுங்க. உங்களுக்குக் குடுக்க வேணாமெண்டு ஃபாரூக் நானா சொல்லியிரிக்கார்.” பிறகு குரலைத் தாழ்த்தி, “அல்லாஹ் உங்கட சகோதரிக்கு லேசாக்கி வைப்பான்” என்றார். பக்கத்து மேசையில் கட்லட்டைக் கடித்துக்கொண்டிருந்த ஒருவர் அதை மெதுவாகத் தட்டில் வைத்துவிட்டு என்னைப் பார்த்துத் தலையசைத்தார். எனக்குக் கோபமும் வந்தது, அதைக் காட்ட வழியும் இல்லை. பிளேன்டீ மட்டும் குடித்துவிட்டு எழுந்தேன்.

ஐந்தாம் நாள் மெஷினுக்கு ஒரு வால்வு தேவைப்பட்டது. காத்தான்குடியில்தான் கிடைக்கும் என்றார்கள். அது மட்டக்களப்பு நகரத்தையும் தாண்டிய ஊர். வால்வு கிடைத்தது. கிளம்பும்போது மணி ஒன்று. வீதியில் வரிசையாகக் கடைகள், ஒவ்வொன்றிலும் பொரித்த கோழி, பர்கர், ஷவர்மா, நீளமான பணிஸுக்குள் இறைச்சியை அடைத்த சப்மரின். நான் வரும்போதே குரக்கனும் பயறும் சாப்பிட்டுவிட்டேன். நானா காலையிலிருந்து ஒன்றுமே சாப்பிடவில்லை. எனக்கு எதிரில் சாப்பிடக்கூடாது என்று தானும் பட்டினி.

“நீங்க வாங்குங்க நானா. நான் பாத்துக்கறேன், சும்மா பாத்துக்கிட்டு மட்டும் இருக்கேன்.”

தயங்கித் தயங்கி ஒரு பொரித்த கோழிப் பொட்டலம் வாங்கி, பின் இருக்கையில் என் பக்கத்தில் வைத்தார். வைப்பதற்கு வேறு இடமில்லை. கல்லடிப் பாலம் வரை அந்த வாசனையோடு பயணம் செய்தேன். பாலத்தின் ஏற்றத்தில் ‘டிங்’ என்று ஒரு சத்தம். கிளச் கேபிள் அறுந்துவிட்டது.

பாலத்தின் மேல் ஓட்டோ தள்ளியிருக்கிறீர்களா? கீழே வாவி கண்ணாடி போலக் கிடக்கிறது. தோணியில் இருப்பவர்கள் தலையை உயர்த்திப் பார்க்கிறார்கள். மோட்டார் சைக்கிளில் போகிறவர்கள் எல்லோரும் ஆலோசனை சொல்கிறார்கள், ஒருவரும் நிற்கவில்லை. நானா ஹேண்டிலைப் பிடித்து நடக்க, நான் பின்னாலிருந்து தள்ளினேன். என் மூக்குக்கு ஒரு முழ தூரத்தில் கோழி.

மறுகரையில் ஒரு மர நிழலில் நிறுத்தினோம். நானாவுக்குத் தெரிந்த மெக்கானிக் கேபிளோடு வருவதாகச் சொன்னார். சட்டையெல்லாம் நனைந்திருந்தது. நானா பொட்டலத்தைப் பிரித்தார்.

“எனக்கு ஒரு துண்டு குடுங்க நானா” என்றேன். “இவ்வளவு தள்ளியிருக்கேன். ஒண்ணும் ஆகாது.”

அவர் மறுக்கவில்லை. தொடைத் துண்டை எடுத்து என் கையில் வைத்தார். “சாப்பிடுங்க. ஆனா ஒண்டு கேக்கிறன். இது பசியா, பயமா?”

“என்ன பயம்?”

“நான் கட்டாருக்குப் போகக்குள்ள கொழும்பு எயார்போட்டில நாலு ரோல்ஸ், ரெண்டு பட்டிஸ் சாப்பிட்ட. பசியே இல்ல. பொண்டாட்டி புள்ளயள விட்டுட்டுப் போறன், என்ன நடக்குமோ தெரியா. கை நடுங்கிச்சு, அதுக்கு வேலை குடுத்த.” என் வயிற்றின் பக்கவாட்டை விரலால் காட்டினார். “இஞ்ச வெட்டுவாங்க. பயமில்லையா உங்களுக்கு?”

மூன்று மாதமாக எல்லோரும் என்னைப் பாராட்டினார்கள். சொந்தக்காரர்கள், டாக்டர்கள், ஆஸ்பத்திரி கவுன்சலர். ‘பெரிய மனசு’ என்றார்கள். மீனா மட்டும் ஒன்றும் சொல்லாமல் எண்ணெய்ச் சட்டியைத் தூக்கி வைத்தாள். பயமா என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும் என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை.

“இருக்கு” என்றேன். “ரொம்ப இருக்கு.”

சொன்னதும் இன்னொன்றும் தெரிந்துவிட்டது. எண்பத்திரண்டை எட்டாமல் இருக்கும் வரைக்கும் தேதி குறிக்க மாட்டார்கள். ஒவ்வொரு ரோலும், ஒவ்வொரு கொத்தும் அந்தத் தேதியை ஒரு நாள் தள்ளிப்போட்டது. நான் ருசிக்கு மட்டும் சாப்பிடவில்லை. அக்கா டயாலிசிஸ் மெஷினில் படுத்துக்கொண்டிருக்க, நான் தவணை வாங்கிக்கொண்டிருந்தேன். இதை நானாவிடம் சொன்னேனா என்று சரியாக ஞாபகமில்லை. வாவியைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதது ஞாபகமிருக்கிறது. கையில் கோழித்தொடையோடு அழும் ஒருவனைப் பார்த்து இரண்டு பள்ளிக்கூடப் பெண்பிள்ளைகள் வேகமாக நடந்து போனார்கள்.

“நான் போகக்குள்ள பயந்த, ஆனா போன” என்றார் நானா. “பயந்து பயந்து போனாலும் போனதுதான்.”

துண்டைப் பார்த்தேன். பசி இல்லை. திருப்பிக் கொடுத்தேன். நானா ஒரு நொடிகூடத் தாமதிக்காமல் அதைச் சாப்பிட்டார். பாவம், காலையிலிருந்து பட்டினி.

அன்று சாயங்காலம் அக்காவுக்கு நானே போன் செய்தேன். பல நாளாக நாங்கள் இருவரும் நேரடியாகப் பேசிக்கொள்ளவில்லை. வாங்குகிறவளுக்கு ஒரு கூச்சம், கொடுக்கிறவனுக்கு ஒரு கூச்சம்.

“என்றா கண்ணு, அங்க பட்டினி கிடக்கறயாம்? மீனா சொன்னா.”

“இல்லக்கா. கொத்து ரொட்டியெல்லாம் தின்னேன். அவகிட்டச் சொல்லிடாதே.”

அவள் திட்டுவாள் என்று நினைத்தேன். “எப்படி இருந்துச்சு? ஒண்ணுவிடாமச் சொல்லு” என்றாள்.

அவளுக்கு உப்பு கிடையாது. தேங்காய், வாழைப்பழம், தக்காளி கிடையாது. காய்களை வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, சக்கையைச் சாப்பிடுகிறாள். நான் ஒவ்வொன்றாகச் சொன்னேன். ரொட்டியின் மென்மை, குழம்பின் காரம், கல்லில் ஒட்டிக் கருகிய முட்டையின் ஓரம். “ம்… ம்…” என்று கேட்டுக்கொண்டிருந்தாள். கடைசியில், “போடறதைப் பாக்கோணுமே” என்றாள்.

ஆறாம் நாள் மெஷின் ஓடியது. கறுப்பு அரிசி ஒரு பக்கம், வெள்ளை அரிசி ஒரு பக்கம். தவமணியக்கா ஒரு பிடி அள்ளி வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, “முத்து மாதிரி” என்றார். தராசு எண்பத்து மூன்று புள்ளி ஒன்று காட்டியது. பேரின்பம் அண்ணன் கூவியதும் மில்லில் கைதட்டல். எடைக்குக் கைதட்டு வாங்கிய ஒரே கோயம்புத்தூர்க்காரன் நானாகத்தான் இருப்பேன்.

ரயிலுக்குப் போகும் வழியில், ஐந்தரை மணிக்கு, நானா ஓட்டோவை ஓட்டமாவடியில் அந்தக் கொத்துக்கடை வாசலில் நிறுத்தினார். எனக்குத் திக்கென்றது.

“உங்கட அக்காக்குக் கோல் எடுங்க. வீடியோ” என்றார். கடையில் நின்றவரிடம் ஏதோ சொன்னார். அவர் தகடுகளைக் கொடுத்துவிட்டு ஒதுங்கினார். நாலு வருடத்துக்குப் பிறகு ஃபாரூக் நானா கொத்துக்கல்லின் முன்னால் நின்றார். சட்டைக் கையை மடித்துவிட்டார்.

போனில் அக்காவின் முகம் வந்தது. அன்றைக்கு டயாலிசிஸ் முடிந்து வந்திருந்தாள், கன்னம் ஒட்டிக் கிடந்தது.

“தங்கச்சி, பாருங்க!” என்று நானா கூவினார்.

முதலில் மெதுவாக. பிறகு வேகம் பிடித்தார். ஒற்றைத் தாளம், இரட்டைத் தாளம், தகட்டின் முனையால் கல்லின் விளிம்பில் ஒரு தட்டு. சாப்பிட வந்தவர்கள் சுற்றி நின்றார்கள். யாரோ மேசையில் கூடவே தட்ட ஆரம்பித்தார். நானாவின் நெற்றி வியர்த்து, முகம் இருபது வயது குறைந்துவிட்டது. போனுக்குள் அக்கா சிரித்தாள், நோய் வருவதற்கு முன் சிரித்ததுபோல, பல்லெல்லாம் தெரிய. “போதும்ணே, கை வலிக்கும்!” என்றாள். “இன்னும் இரிக்கி!” என்றார் இவர்.

அந்தக் கொத்தை நானா மில்லில் இருப்பவர்களுக்குக் கட்டிக்கொண்டார். கட்டுவதற்கு முன் அக்கா உத்தரவு போட்டாள்: “அவனுக்கு ரெண்டு கரண்டி குடுங்க. ரெண்டே ரெண்டு.” இரண்டு கரண்டி சாப்பிட்டேன். நிதானமாக, அவள் பார்க்க.

கோவையில் திங்கட்கிழமை ஆஸ்பத்திரித் தராசு எண்பத்திரண்டு புள்ளி ஐந்து என்றது. டாக்டர் உதட்டைப் பிதுக்கினார். வியாழக்கிழமை மறுபடி போனேன். எண்பத்தொன்று புள்ளி ஒன்பது. அன்றே தேதி குறித்தார்கள். கை நடுங்கியது. நடுங்கிய கையாலேயே கையெழுத்துப் போட்டேன்.

அறுவை சிகிச்சை முடிந்த நாலாம் நாள், மாஸ்க் கட்டி, தையலைக் கையால் பிடித்துக்கொண்டு, குனிந்தபடி அக்காவின் அறைக்கு நடந்தேன். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நிற்கத்தான் அனுமதி. உள்ளே அவளும் நர்ஸும், கண்ணாடியைத் தாண்டிக் கேட்கும்படி, ஏதோ வாக்குவாதம் செய்துகொண்டிருந்தார்கள். நர்ஸ் கையில் பெரிய டம்ளர் நிறையத் தண்ணீர். இரண்டு வருடமாக அக்காவுக்கு நாளொன்றுக்கு இரண்டு டம்ளர்தான் அனுமதி. மருந்து விழுங்கும் தண்ணீரும் அதில் சேர்த்தி. கோடையில் ஐஸ் கட்டியை வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

“இது முழுசும் எனக்கா?” என்று கேட்டாள்.

“முழுசும். குடிச்சதும் இன்னொண்ணு தருவேன். இன்னிக்கு மூணு லிட்டர் உள்ள போகணும்.”

அக்கா டம்ளரை இரண்டு கையாலும் வாங்கினாள். கொஞ்ச நேரம் அதையே பார்த்தாள். பிறகு அண்ணாந்து, நிறுத்தாமல், கழுத்து நரம்பு ஏறி இறங்க, கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தாள்.